சதம் பிசகும் கணினி: புளோட் எண்களோடு உங்கள் அனுபவங்கள்

கொட்டாஞ்சேனைக்காரன்

கொழும்பில் கணக்கு மென்பொருளோடு வேலை செய்கிற எல்லாரும் எப்போதாவது புளோட் எண்ணில், அதாவது தசம எண்ணைக் கணினி துவிதத்தில் (0, 1 மட்டும் உள்ள எண் முறையில்) குறித்த அளவு இலக்கங்களுக்குள் வைக்கும் வகையில், போய் முட்டியிருப்பீர்கள். எனக்கு வந்தது சம்பளப் பட்டியலில். ஊழியரிடம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதோடு ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். பட்டியலின் அடியில் வரும் கூட்டுத்தொகை, கணக்காளர் அக்காவின் கல்குலேட்டரோடு சில சதம் ஒத்துவராது. சதம்தானே என்று அவ விடமாட்டா. விடவும் கூடாது.

தேடிப்பார்த்து நான் பிடித்த இடத்தைச் சொல்கிறேன். 33 ரூபா 50 சதத்துக்கு 3 வீதம் போடுங்கள். கையால் போட்டால் 1.005, சதத்துக்கு மட்டம் தட்டினால் 1.01. அந்த மென்பொருள் 1.00 என்றது. 1.005 என்ற எண்ணைத் துவிதத்தில் முடிவாக எழுத முடியாது. உள்ளே உட்கார்ந்திருப்பது 1.00499999999999989 என்று போகிற ஒன்று. அது அரைச் சதத்துக்குக் கீழே என்பதால் கணினி கீழே தட்டுகிறது. கணினி பிழை விடவில்லை, புளோட் கணக்கு எப்படி நடக்கவேண்டும் என்று வகுத்த ஐஇஇஇ 754 நியமம் சொன்னபடிதான் நடந்தது. காசுக் கணக்குக்கு அந்த எண் வகையைத் தெரிந்தெடுத்ததுதான் பொருத்தமில்லை.

இந்த நியமம் எங்கிருந்து வந்தது, அதற்கு முந்திய காலம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

செட்டியார் தெருக் கணக்கு

தம்பி, உங்களுக்குச் சதம் போனது. இங்கே ரூபாயே போனது. எங்கள் தெருவில் ஒரு நகைக்கடையின் வருடக் கூட்டுத்தொகையை அவர்களுடைய பழைய மென்பொருள் 32 பிட் (32 துவித இலக்கம்) புளோட்டில் வைத்திருந்தது. அந்த 32 பிட்டில் ஒன்று கூட்டலா கழித்தலா என்பதற்கு, எட்டு அடுக்குக்கு (2இன் எத்தனையாம் அடுக்கால் பெருக்குவது என்பதற்கு), மிச்சம் 23 இலக்கங்களுக்கு. எண் சிறிதாக இருக்கும்வரை தெரியவராது. 83 இலட்சத்து 88 ஆயிரத்து 608ஐத் தாண்டியதும் சதம் என்ற ஒன்றே அதற்குள் இல்லை, முழு ரூபா மட்டும்தான். ஒரு கோடி 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216ஐத் தாண்டினால் இரண்டு இரண்டு ரூபாவாகத்தான் ஏறும்.

பவுண் விற்கிற விலைக்கு அந்தத் தொகை ஒரு கடைக்குப் பெரிய தொகையா? அதற்கு மேலே முத்திரைச் செலவு 25 ரூபாவைப் பதிந்தால் கூட்டு 24 ரூபாவால்தான் கூடும். திரும்பப் பதிந்தாலும் 24தான். சரியாக நடுவில் விழுகிற எண்ணை இரட்டைப் பக்கம், அதாவது கடைசித் துவித இலக்கம் பூச்சியமாக இருக்கும் பக்கம், தள்ளு என்பது நியமத்தின் வழமையான விதி. இங்கே ஒவ்வொரு முறையும் கீழ்ப்பக்கம்தான் இரட்டை. ஒரேயொரு ரூபா பதிந்தால் கூட்டு அசையவே அசையாது. பில் புத்தகத்தை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் எனக்கு இது பிடிபட்டது.

ஓய்வுபெற்ற புரோகிராமர்

முந்திய காலத்தைக் கேட்டீர்கள், தம்பி. நான் கொழும்பில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியில் போர்ட்ரான் மொழியில் நிரல் எழுதியவன், அந்தக் காலத்தைப் பார்த்தவன்.

துவிதத்தில் மிதக்கும் புள்ளி, அதாவது இந்தப் புளோட், புதிய சங்கதி இல்லை. ஜேர்மனியில் கொன்ராட் சூசே 1941இல் கட்டிய இசட்3 கணினியே 22 பிட்டில் அதைச் செய்தது. பிறகு ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு முறை வைத்தது. 1964இல் வந்த ஐபிஎம் 360 கணினி அடி 16இல், ஓர் இலக்கத்துக்கு நான்கு பிட்டாக, கணக்குப் போட்டது. 24 பிட் என்று பெயர், ஆனால் முதல் இலக்கம் 1 ஆக இருந்தால் முன்னால் மூன்று பிட் வெறும் பூச்சியம். அதாவது 0.99க்கு 24 பிட் கிடைக்கும், 1.01க்கு 21தான். அதே கணக்கை வேறு கொம்பனி இயந்திரத்தில் ஓடவிட்டால் கடைசி இலக்கங்கள் வேறாக வரும். எது சரி என்று சொல்ல எங்களிடம் ஓர் அளவுகோல் கிடையாது.

இதைவிட மோசம், சில இயந்திரங்களில் மிகச் சிறிய எண் ஒன்று ஒப்பிடும்போது பூச்சியம் இல்லை, வகுக்கும்போது பூச்சியம். 'எக்ஸ் பூச்சியம் இல்லையென்றால் எக்ஸால் வகு' என்று கவனமாக எழுதிய நிரலும் அங்கே படுத்துவிடும். 1இலிருந்து எக்ஸைக் கழிக்க வேண்டிய இடத்தில் 'அரையிலிருந்து எக்ஸைக் கழி, பிறகு அரையைக் கூட்டு' என்று எழுதியிருந்த பழைய நிரல்களை நான் வாசித்திருக்கிறேன். கழிக்கும்போது ஓர் இலக்கத்தை மேலதிகமாகப் பிடித்துவைக்காத இயந்திரங்களில் கடைசி பிட் தொலையாமல் இருக்கத்தான் அந்தச் சுற்றுவழி. காரணம் தெரியாதவர் அதைச் 'சுருக்கி' எழுதினால் விடை கெட்டுவிடும்.

இதை மாற்ற நின்று போராடியவர் வில்லியம் கஹான், கனடாவில் பிறந்து பேர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். 1976இல் இன்டெல் தன் புதிய கணித சிப்புக்காக அவரை அழைத்தது. அடுத்த ஆண்டு நியமக் குழுவின் கூட்டங்கள் தொடங்கின. கஹான், அவருடைய மாணவர் ஜெரோம் கூனன், ஹரோல்ட் ஸ்டோன் மூவரும் எழுதிய வரைவுக்கு எதிரே டெக் என்ற கணினிக் கொம்பனியின் வாக்ஸ் இயந்திரங்களில் இருந்த முறை நின்றது. பெரிய சண்டை ஒரு சின்ன இடத்தில்: எண் பூச்சியத்துக்கு மிக அருகே போனால் சட்டென்று பூச்சியமாக்குவதா, இலக்கங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து மெல்ல இறங்க விடுவதா? மெல்ல இறங்கவிட்டால்தான் ஏ, பீ இரண்டும் வேறு வேறு எண் என்றால் ஏ கழித்தல் பீ பூச்சியமாகாது என்று உறுதி சொல்லலாம். வேகம் குறையும் என்று எதிர்த்தார்கள். டெக் தானாக அழைத்து ஆராயச் சொன்ன ஸ்டூவர்ட் என்ற அறிஞரே 1981இல் கஹான் பக்கம்தான் சரி என்றார். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1985இல் நியமம் நிறைவேறியது. ஆனால் இன்டெல் 8087 சிப் 1980இலேயே வெளிவந்துவிட்டது. ஐபிஎம் பிசியின் தாய்ப்பலகையில் பிரதான சிப்புக்குப் பக்கத்தில் 40 கால் போகிற வெற்றுக் குழி ஒன்று இருக்கும், தேவையானவர் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். உள்ளே 80 பிட்டில் கணக்குப் போடும். எங்கள் கந்தோரில் அதைப் பொருத்தி ஓடவிட்ட பிறகு, வேறிடத்தில் அதே சிப்போடு கணக்குப் போட்டவரின் தாளும் எங்கள் தாளும் கடைசி இலக்கம்வரை ஒத்துவந்தன. அந்தச் சந்தோஷம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியுமோ தெரியாது. கஹானுக்கு 1989இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது கொடுத்தார்கள்.

பம்பலப்பிட்டி ஹார்ட்வெயார்

ஐயா எழுதியதற்குத் தொடர்ச்சியாக. நியமம் இருந்தாலும் சிப் அதன்படி நடக்கவேண்டுமே. 1994இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் தோமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் (3, 5 போல இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண் சோடிகளின்) தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது இன்டெலின் பென்டியம் சிப் பிழையாக வகுப்பதைப் பிடித்தார். சிப்புக்குள் இருக்கும் வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பாமல் விடுபட்டிருந்தன.

பழைய பென்டியம் பிசி ஒன்று திருத்த வந்தபோது நானும் எக்செலில் போட்டுப் பார்த்தேன். 4195835ஐ 3145727ஆல் வகுத்து, திரும்ப 3145727ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழிக்கவேண்டும். பூச்சியம் வரவேண்டிய இடத்தில் 256 வந்தது. சொந்தக் கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இன்டெல் முதலில் தேவை என்று காட்டுபவருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது, பிறகு கேட்ட எல்லாருக்கும் என்று இறங்கியது. 475 மில்லியன் டொலர் அவர்களுக்குச் செலவு.

தெகிவளைத் தங்கச்சி

நான் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோடு வேலை செய்கிறேன். எங்களுக்குத் தேவை துல்லியம் இல்லை, எண்களின் பரப்பும் (மிகப் பெரியதும் மிகச் சிறியதும் அடங்குவது) வேகமும்தான். அதனால் பிஃப்ளோட்16 என்ற 16 பிட் வகை: எட்டு பிட் அடுக்கு, ஏழே பிட் இலக்கம். 256இற்கு மேல் ஒன்றைக் கூட்டினாலே அந்த ஒன்று தொலைந்துவிடும். ஐயா சொன்ன கதையை வாசித்தபோது, சிப் கொம்பனிகள் 8 பிட்டுக்கு வேறு வேறு முறைகள் கொண்டுவருவது 1985க்கு முந்திய நிலைமை போலவே தெரிகிறது. எனக்கு இது கவலைதான்.

கொட்டாஞ்சேனைக்காரன்

ஐயாவுக்கும் எல்லாருக்கும் நன்றி. காசுக் கணக்குக்கு வழி இருக்கிறது. 2008இல் நியமத்தைத் திருத்தியபோது அடி 10இலேயே கணக்குப் போடும் வகைகளைச் சேர்த்தார்கள்: ஒன்று 16 இலக்கம், இன்னொன்று 34 இலக்கம். எங்கள் சாதாரண பிசி சிப்புகளில் அது வன்பொருளாக இல்லை, மென்பொருளால் செய்யலாம். சம்பளப் பட்டியலில் நாங்கள் எல்லாத் தொகையையும் சதமாக, முழு எண்ணாக வைத்துவிட்டோம். அக்காவின் கல்குலேட்டரும் பட்டியலும் இப்போது ஒத்துப்போகின்றன.

செட்டியார் தெரு அண்ணா, அந்தக் கடையில் என்ன செய்தீர்கள்?

செட்டியார் தெருக் கணக்கு

ரூபாத் தொகைகள் இருந்த பத்தியை டெசிமல் வகைக்கு, அதாவது அடி 10இல் எண்ணை வைக்கும் வகைக்கு, மாற்றினோம், இரண்டு தசம தானம். நிறைக்கு கிராமில் மூன்று தானம். ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள் தம்பி: வகையை மாற்றும்போது பழைய கூட்டுத்தொகையை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். தொலைந்த ரூபா அந்த எண்ணுக்குள் இல்லை. நாங்கள் பில் புத்தகத்தை வைத்து வருடத் தொடக்கத்திலிருந்து திரும்பக் கூட்டினோம்.