மழையில் நனைந்த நெல் படமும் ஏழாம் வகுப்பு இங்கிலீஷும்

வெண்ணாற்றங்கரை டீச்சர்:
நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். "மை வில்லேஜ்" என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு மொத்தமும் ஒரே கட்டுரையைத்தான் நீட்டுகிறது. "மை வில்லேஜ் இஸ் எ பியூட்டிஃபுல் வில்லேஜ். தேர் ஆர் மெனி ட்ரீஸ்." எல்லாம் நோட்ஸில் இருப்பது. அதனால் இப்போது போட்டோவைக் காட்டி எழுதச் சொல்கிறேன். போன அக்டோபர் மழையில் கொள்முதல் நிலையத்தில் நனைந்து முளைவிட்டுக் கிடந்த குறுவை நெல்லை, தார்ப்பாய் ஓரமாகக் கிட்டப்போய் எடுத்த படம் ஒன்று. அதற்கு ஏழாம் வகுப்புப் பையன் எழுதியது: "தி பேடி ஹேஸ் ஸ்மால் ஒயிட் டீத். தி டார்பாலின் இஸ் புளூ பட் தி வாட்டர் ஆன் இட் இஸ் பிரவுன். நோபடி இஸ் ஸ்டாண்டிங் நியர்." எதையும் நான் சொல்லித் தரவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் "பாடத்தை முடிக்காம படம் காட்டிக்கிட்டு இருக்காங்க" என்று பேச்சு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கும்பகோணம் டியூஷன்:
அந்தப் பையன் நல்லா எழுதியிருக்கான், சரி. மத்த பிள்ளைங்க என்ன எழுதினாங்கன்னு சொல்லுங்க டீச்சர். ஒரு பையனை வெச்சு ஒரு முறையை நிரூபிக்க முடியாது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்லயே படத்தைக் கொடுத்து அஞ்சு வாக்கியத்துல கருத்து எழுதுன்னு கேள்வி இருக்கு, அஞ்சு மார்க். என்கிட்ட வர்ற பிள்ளைங்க எழுதறது: "திஸ் இஸ் எ பிக்சர். ஐ சீ எ பாய். ஐ சீ எ ட்ரீ." படம் முன்னாடிதான் இருக்கு, சொல்ல வினைச்சொல் இல்லை. பிரசன்ட் கன்டினியூவஸ், பிரிபொசிஷன் ரெண்டும் கைக்கு வந்தப்புறம் படத்தைக் காட்டுங்க. இலக்கணம் இல்லாம படம் காட்டினா பட்டியல்தான் வரும்.

அரசலாறு:
எனக்கு ரெண்டு பேர் மேலயும் வருத்தம். வயலுக்கு நடுவுல பள்ளிக்கூடத்தை வெச்சுக்கிட்டு வயலோட போட்டோவை எதுக்குக் காட்டணும்? வரப்புல கொண்டுபோய் உட்கார வைங்க. நனைஞ்ச நெல்லுல வர்ற புளிச்ச வாடை போட்டோவுல வருமா? மடை திறக்கிற சத்தம் வருமா? எல்லாத்தையும் போன் திரைக்குள்ள அடக்கிப் பார்க்கிற பழக்கம் பெரியவங்களுக்கு வந்தது போதாதா?

பாபநாசம் ஸ்டுடியோ:
கல்யாண போட்டோ எடுக்கிறவன் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பிரச்சினை எந்தப் படத்தைக் கொடுக்கறோம்ங்கிறதுல இருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில் முழுசா தெரியற படத்தைக் கொடுங்க, "வெரி பிக் டெம்பிள்"னு எழுதிட்டு பேனாவை மூடிடும். சூரிய அஸ்தமனம், காலண்டர் வயல் எல்லாம் அதே ரகம். டீச்சர் எடுத்தது கிட்டப்போய் எடுத்த படம். அதான் பல்லு தெரிஞ்சிருக்கு.

வெண்ணாற்றங்கரை டீச்சர்:
அரசலாறு ஐயா, வரப்புக்கும் கூட்டிப் போனேன். பாதிப் பேர் நண்டு வளையைத் தோண்டப் போய்விட்டார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல பொழுதுதான். ஆனால் நாற்பது நிமிஷ பீரியடில் இங்கிலீஷ் எழுத வேண்டும். படம் அசையாது, எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள், அதனால் "அது தண்ணி இல்லடா, நிழல்" என்று சண்டை போட முடிகிறது. அந்தச் சண்டையில்தான் எழுத்து பிறக்கிறது.

டியூஷன் சார் கேட்டதற்கு: மற்றவர்களில் பலர் முதலில் பட்டியல்தான் எழுதினார்கள், "ஐ சீ பேடி, ஐ சீ மட்". அதனால் படத்தைக் காட்டியவுடன் எழுதச் சொல்வதில்லை. பெரிய சார்ட்டின் நடுவில் படத்தை ஒட்டுகிறேன். தெரிவதைத் தமிழிலோ இங்கிலீஷிலோ சொல்லலாம். நான் அந்தப் பொருளிலிருந்து ஓரத்துக்குக் கோடு இழுத்து இங்கிலீஷ் சொல்லை எழுதுகிறேன். சேர்ந்து படிக்கிறோம், எழுத்துக்கூட்டுகிறோம், சொற்களை வகை பிரிக்கிறோம். வாக்கியம் அடுத்த நாள்தான். இது என் கண்டுபிடிப்பு இல்லை, எமிலி கால்ஹூன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1999-இல் எழுதி வைத்த முறை.

இன்னொன்று, எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி: "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" இதுவும் கடன்தான். நியூயார்க்கில் மோமா என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், ஓவியம் பார்க்கப் பழக்குவதற்காக வைத்த மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளது. இதே படத்துக்கு ஒரு பெண் "தி ஃபார்மர் இஸ் வெரி சேட்" என்றாள். படத்தில் விவசாயியே இல்லை. எதைப் பார்த்துச் சொல்றே என்றதும் எழுந்து வந்து சார்ட்டில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். மூலையில் சேற்றில் பாதி புதைந்த ஒற்றைச் செருப்பு. நானே கவனிக்காதது. பிறகு எழுதினாள்: "ஒன் ஸ்லிப்பர் இஸ் இன் தி மட். தி அதர் ஸ்லிப்பர் இஸ் நாட் தேர்." 'சேட்' போயே போச்சு. அந்த இரண்டு வரியில் இருக்கிறது சார் இலக்கணம், நீங்கள் கேட்ட பிரிபொசிஷன் உட்பட.

வலங்கைமான் அப்பா:
ஒரு விஷயம் கேட்கிறேன் டீச்சர், தப்பா நினைக்காதீங்க. அந்த நெல்லு யாரோடது? ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க, மழையில காய வைக்கவும் இடம் கிடையாது. போன வருஷம் எங்க நெல்லும் அப்படித்தான் முளைச்சுது. என் பொண்ணு அந்த வகுப்புல உட்கார்ந்திருந்தா, அவளுக்கு அது இங்கிலீஷ் பயிற்சியா?

கும்பகோணம் டியூஷன்:
இதான் நானும் சொல்ல வந்தது. மொழி கத்துக்கிற இடத்துல கண்ணீர் வர்ற படம் எதுக்கு? பந்து, நாய்க்குட்டி, சந்தை போதும்.

வெண்ணாற்றங்கரை டீச்சர்:
அப்பா கேட்டது நியாயமான கேள்வி. படத்தில் யார் முகமும் இல்லை, சாக்கில் பெயரும் தெரியவில்லை, அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். பிடிக்காத பிள்ளைக்கு வேறு படமும் உண்டு: நாற்றங்காலில் பறித்த நாற்றுமுடியைப் பிடித்திருக்கும் கை, விரலிடுக்கில் சேறு, வேரிலிருந்து சொட்டும் நீர். ஆனால் டியூஷன் சார், நாய்க்குட்டி மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். வீட்டில் நடப்பதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுத வராத இங்கிலீஷை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பாபநாசம் ஸ்டுடியோ:
அப்போ பிள்ளைங்களையே எடுக்கச் சொல்லலாமே. அமெரிக்காவுல வெண்டி எவால்ட்னு ஒரு போட்டோகிராஃபர், 1990-கள்ல டர்ஹாம் நகரப் பள்ளிப் பிள்ளைங்க கையில கேமரா கொடுத்து, வீட்டையும் குடும்பத்தையும் எடுத்துட்டு வந்து எழுத வெச்சாங்க. எதை எடுக்கலாம், எதை விடலாம்னு யோசிக்கறப்பவே பாதிக் கட்டுரை முடிஞ்சிரும்.

வலங்கைமான் அப்பா:
யார் போன்ல எடுக்கிறது? அப்பா போன்லயா? குளத்துல குளிக்கிறவங்களையும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க. கிளாஸ் குரூப்ல போட்டா ஊரே பார்த்துரும்.

அரசலாறு:
நல்லாச் சொன்னீங்க அப்பா.

வெண்ணாற்றங்கரை டீச்சர்:
பிள்ளைகளிடம் போன் கொடுக்கப் போவதில்லை. அட்டையில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டி, அதன் வழியாகப் பார்த்து "இதை எடுங்க டீச்சர்" என்று காட்டச் சொல்கிறேன். மனிதர்கள் வேண்டாம், பொருள்கள் மட்டும். எடுப்பது நான். குரூப்பில் போடுவதும் இல்லை, பிரிண்ட் மட்டும்தான். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், நீலத் தார்ப்பாயும் சேறும் ஒரே சாம்பலாகிவிடும். கலரில் பெரிதாக ஒன்று எடுத்தால் வகுப்புக்கே போதும்.

கும்பகோணம் டியூஷன்:
அட்டை யோசனை பரவாயில்லை. ஆனா வினைச்சொல் விஷயத்துல நான் இறங்கி வர மாட்டேன். டிரிப், சிங்க், ஸ்ப்ரவுட், கவர், லீக் மாதிரி ஒரு எட்டு சொல்லை முன்னாடியே கரும்பலகையில எழுதிட்டு அப்புறம் படத்தைத் திறங்க.

வெண்ணாற்றங்கரை டீச்சர்:
வினைச்சொல் தரலாம், மறுக்கவில்லை. பெயரடை மட்டும் தர மாட்டேன். 'பியூட்டிஃபுல்' என்று பலகையில் ஏறினால் முப்பது நோட்டிலும் இறங்கிவிடும்.

கும்பகோணம் டியூஷன்:
சனிக்கிழமை எட்டாம் வகுப்பு பேட்ச்ல செஞ்சு பார்க்கிறேன். பாதிப் பேருக்கு வினைச்சொல் பட்டியலோட, மீதிப் பேருக்குப் பட்டியல் இல்லாம. நாற்றுமுடி படத்தை அனுப்புங்க. ரெண்டு பக்கமும் எழுதினதை இங்கயே போடுறேன், அப்புறம் பேசிக்கலாம்.

வெண்ணாற்றங்கரை டீச்சர்:
அனுப்புகிறேன் சார். பேப்பரில் பிள்ளைகள் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள். சுமாரானதையும் சேர்த்துப் போட வேண்டும், முதல் மார்க் பேப்பர் மட்டும் வேண்டாம்.