தூக்கமா, மயக்கமா? ஃபெரெட் வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

எங்கள் ஃபெரெட் மின்னி (ஃபெரெட் என்பது கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள ஒரு சிறு வளர்ப்புப் பிராணி) வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒருநாள் அவள் செத்துவிட்டாள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். கூண்டுக்குள் கட்டியிருந்த துணி ஊஞ்சலில் தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. கூப்பிட்டேன், தட்டினேன், அசைவே இல்லை. கையில் தூக்கினால் ஈரத்துணி மாதிரி இரண்டு பக்கமும் வழிந்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவருக்கு போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான். அடித்துப் போட்டாற்போலத் தூங்கியிருக்கிறாள்.

ஃபெரெட் ஒரு நாளைக்கு 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். அதில் சில தூக்கம் இப்படித்தான் இருக்கும், தரையில் உருட்டினாலும் எழாது. எழுந்த பிறகு கொஞ்ச நேரம் உடம்பு நடுங்கும். அதுவும் இயல்புதான். அப்புறம் முதுகை வில்லாக வளைத்து, வாயைப் பிளந்து, டுக் டுக் டுக் என்று சத்தம் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஓடும் பாருங்கள், அந்த ஆட்டத்தைப் பார்த்தால் சற்று முன் கிடந்த பிராணி இதுதானா என்று தோன்றும்.

இதற்குப் பழகிவிட்டதால்தான் மின்னியின் நான்கரை வயதில் ஒரு நோயை நான் தவறவிடப் பார்த்தேன். அன்றும் அதே மாதிரிதான் கிடந்தாள். “தூங்கட்டும்” என்று தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது கண்ணைக் கவனித்தேன். பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தாடை முழுக்க எச்சில். முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே இருந்தாள், ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால்கள் இரண்டும் சறுக்கின.

மருத்துவரை போனில் பிடித்தேன். தேனைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஈறில் தடவச் சொன்னார். விரலை வாய்க்குள் விட வேண்டாம், வலிப்பு வந்தால் கடித்துவிடும் என்றார். சில நிமிடங்களில் தலையைத் தூக்கினாள். உடனே வெந்த கோழியை மசித்து ஊட்டச் சொன்னார். இனிப்போடு நிறுத்தினால் உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரந்து, சர்க்கரை மறுபடி இறங்கிவிடுமாம். மறுநாள் மருத்துவமனையிலேயே 3 மணி நேரம் பட்டினி வைத்துப் பரிசோதித்ததில் ரத்தச் சர்க்கரை 52. நன்றாக இருக்கும் ஃபெரெட்டுக்கு 90க்குக் குறையக் கூடாது. கணையத்தில் சிறு கட்டிகள் வந்து இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்சுலினோமா. நடுவயது தாண்டிய ஃபெரெட்டுகளுக்கு அடிக்கடி வரும் நோய் என்றார்.

யோசித்துப் பார்த்தால் முந்தைய சில வாரங்களாகவே படி ஏறும்போது பாதியில் நின்று வெறித்துப் பார்ப்பாள். வயதாகிறது என்று விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி வெறித்த பார்வை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெறும் தூக்கம் என்றால் உடம்பு சூடாக, ஈறு ரோஜா நிறத்தில், மூச்சு சீராக இருக்கும். பிடித்த உணவை மூக்கருகே கொண்டுபோனால் மெல்ல மூக்கு ஆடும். இதில் ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

* * *

எங்கள் ஃபெரெட்டுக்கு ஆபத்து வெயிலால் வந்தது. ஏசி எப்போது நின்றது என்றே தெரியாது, இரண்டு மணி நேரம் வெளியே போயிருந்தோம். வந்து பார்த்தால் கூண்டின் தரையில் தட்டையாகக் கிடக்கிறான், வாய் திறந்து இரைக்கிறது, ஈறு செக்கச் சிவந்திருக்கிறது. ஃபெரெட்டுக்கு வேர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளும் வசதி கிடையாது. 30 டிகிரி அறையே அதற்கு ஆபத்துதான். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது என்று முன்பே கேட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. சாதாரணத் தண்ணீரால் பாதங்களையும் வயிற்றையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்தான். இப்போது அறையில் வெப்பமானி இருக்கிறது. வெளியே போனால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டில் வைத்துவிட்டுத்தான் போகிறோம்.

* * *

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒன்றரை வயது, எந்நேரமும் ஆடிக்கொண்டிருப்பவன், இரண்டு நாளாக மூலையிலேயே சுருண்டு கிடந்தான். உணவைப் பார்த்து ஓடிவருவான், ஒரு வாய் வைத்துவிட்டு விலகுவான், பல்லை நறநறவென்று கடிப்பான். மலம் பென்சில் மாதிரி மெலிந்து போயிருந்தது. எக்ஸ்ரேயில் பொருள் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, ரப்பர் பெரும்பாலும் தெரியாதாம். குடலில் அடைத்திருந்த காற்றைப் பார்த்துத்தான் அறுவைக்கு முடிவெடுத்தார்கள். எடுத்தது இயர்போனின் ரப்பர் நுனி, பட்டாணியை விடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிந்தது எனக்கு. அதன் பிறகு அழிப்பான், ரிமோட் பட்டன், செருப்பு, ஸ்பாஞ்ச் எதுவும் அவன் எட்டும் உயரத்தில் இல்லை. தலை நுழையும் சந்து எதுவானாலும் உடம்பும் நுழைந்துவிடும், அதனால் சோபாவின் அடிப்பக்கத்தையும் பலகை வைத்து மூடினோம்.

* * *

என்னுடையது நல்லபடியாக முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும். பெண் ஃபெரெட், கருத்தடை செய்யவில்லை. பருவத்துக்கு வந்தால் இணை சேரும்வரை அது தானாக அடங்காது, மாதக்கணக்கில் நீளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்போது சுரந்துகொண்டே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், ரத்தத்தை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையே அடக்கிவிடுகிறது. சோர்ந்து தூங்குகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஈறு வெள்ளைத் தாள் மாதிரி ஆன பிறகுதான் கொண்டுபோனேன். ரத்தம் ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை. பெண் குட்டி வைத்திருப்பவர்கள் முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடையோ ஹார்மோன் இம்பிளான்ட்டோ எது சரி என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

* * *

மேலே எழுதியவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வரிகளைப் படித்ததும் போய் மின்னியின் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மின்னியின் இன்சுலினோமாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தோம், எங்கள் மருத்துவரும் அவளுக்கு அதுவே சரி என்றார். தினம் இரண்டு வேளை ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சிரப். அது கட்டியைக் கரைக்காது, சர்க்கரையை இறங்காமல் பிடித்து வைக்கும். உணவுதான் பெரிய வேலை. ஃபெரெட்டின் குடல் குட்டையானது, சாப்பிட்டது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால் இவளை நெடுநேரம் வெறும் வயிற்றில் விடவே முடியாது. இறைச்சி மட்டும்தான், பழம், பிஸ்கட், தானியம் எதுவும் இல்லை. ஆசையாகக் கேட்கிறாளே என்று முன்பு உலர்ந்த திராட்சை கொடுத்ததை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். கிண்ணத்தை வைத்தால் அரைத் தூக்கத்தில் நக்குவாள், அப்புறம் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கப் போவாள். பின்னங்கால் சறுக்காமல் போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். நேற்று சறுக்கவில்லை.