ஸ்நோடிராப் வகைகளை இனங்காணுதல்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பெருந்துறையிலிருந்து:

குளிர்நாடுகளில் கிழங்கிலிருந்து முளைத்து வெள்ளையாகப் பூக்கும் ஸ்நோடிராப் செடிகளை வகை பிரிக்க வேண்டுமானால் பூவை விட்டுவிட்டு முதலில் இலையைப் பார்க்க வேண்டும் என்பதே என் அனுபவம். வெளியே மூன்று நீண்ட வெள்ளை இதழ்கள், உள்ளே அவற்றைவிடக் குட்டையான மூன்று இதழ்கள், அந்த உள்ளிதழ்களில் ஒரு பச்சைக் குறி, கவிழ்ந்து தொங்கும் தலை என்ற இந்த அமைப்பு ஏறத்தாழ எல்லா இனங்களுக்கும் பொதுவானது. மகன் வசிக்கும் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஒரு பிப்ரவரி மாதம் தங்கியிருந்தபோது, கோல்ஸ்போர்ன் பூங்காவுக்குக் குடும்பத்தோடு சென்றோம். மரங்களின் அடியில் தரை தெரியாமல் பூத்திருந்ததைப் பார்த்த மருமகள், "எல்லாம் ஒரே பூதானுங்க மாமா" என்றார். மஞ்சள் காட்டில் பூவை வைத்து ரகம் சொல்வார் யாருமில்லை. இலையைப் பார்ப்போம், கிழங்கை ஒடித்து உள்நிறம் பார்ப்போம். அந்தப் பழக்கம் எனக்கு அங்கே கைகொடுத்தது.

ஸ்நோடிராப்பின் தாவரவியல் பெயர் கேலந்தஸ். பரவலாகக் காணப்படும் கேலந்தஸ் நிவாலிஸ் இனத்தின் இலைகள் குறுகலானவை, சாம்பல் பூத்த பச்சை நிறத்தவை. மண்ணிலிருந்து வெளிவரும்போது இரண்டு இலைகளும் உட்புறங்கள் ஒட்டியபடி தட்டையாக எழும். எல்வெசி இனத்தில் இலை அகலமாக இருக்கும், ஓர் இலையின் அடிப்பகுதி மற்றதைச் சுற்றி அணைத்திருக்கும். பிளிகேட்டஸ் இனத்தில் இலையின் இரு விளிம்புகளும் பின்பக்கமாக மடிந்திருக்கும்; விரலால் தடவினாலே அந்த மடிப்பு தெரியும். வொரோனோவி இனத்தின் இலையில் சாம்பல் பூச்சே கிடையாது, பளிச்சென்ற பச்சையாக மினுங்கும். குனிந்து செடியின் அடிப்பாகத்தைப் பார்ப்பவருக்கு இவ்வளவும் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத்தான் சிரமம்.

பச்சைக் குறியை மட்டும் நம்புவது சரியாக வராது. நிவாலிஸ் பூவில் உள்ளிதழின் நுனியருகே தலைகீழான 'வி' வடிவில் ஒரே குறி இருக்கும். எல்வெசியில் நுனியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு குறிகள் இருப்பது வழக்கம். ஆனால் எல்வெசியிலேயே ஒற்றைக் குறியோடு பூக்கும் வகையும் உண்டு, இரண்டு குறிகளும் ஒன்றாக இணைந்துவிடுவதும் உண்டு. பிளிகேட்டஸிலும் இரு குறி கொண்ட வகை இருக்கிறது. அத்தகைய இடங்களில் இலைதான் வழக்கைத் தீர்க்கிறது. நிவாலிஸும் பிளிகேட்டஸும் கலந்து உருவான கலப்பினங்களில் இலை விளிம்பு அரைகுறையாக மடிந்திருப்பதால், அவற்றுக்குத் திட்டவட்டமாகப் பெயர் சொல்ல அங்கே பழகியவர்களே தயங்குகிறார்கள்.

அந்தக் கோல்ஸ்போர்ன் பூங்கா, தாவரவியலாளர் ஹென்றி ஜான் எல்வெஸ் வாழ்ந்த இடம். அவர் 1874-இல் துருக்கியின் இன்றைய இஸ்மிர் நகருக்கு அருகே கண்ட இனத்துக்குத்தான் எல்வெசி என்று பெயரிட்டார்கள். இந்தப் பூக்களின்மீது அங்குள்ளவர்களுக்கு இருக்கும் பித்தைச் சொல்ல ஒரு செய்தி போதும்: 2015-இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' என்ற மஞ்சள் குறி வகையின் ஒரே ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்கு ஏலம் போனது. நம் விரலி மஞ்சளுக்கு அப்படியொரு விலை கிடைத்திருந்தால் இந்நேரம் காட்டைச் சுற்றி மதில் கட்டியிருப்போம்.

திருப்பூரிலிருந்து:

பின்னலாடைத் தொழில் நிமித்தம் மார்ச் மாதத்தில் ஜெர்மனி சென்றபோது, தங்கியிருந்த விடுதியின் தோட்டத்தில் பூத்திருந்ததை உடன் வந்தவர்கள் ஸ்நோடிராப் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஐயம் எழக் காரணம், ஆறு இதழ்களும் ஒரே நீளத்தில் இருந்ததும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி இருந்ததும்தான். அது லியூகோஜம் வெர்னம், அதாவது ஸ்நோஃப்ளேக். உள்ளிதழ் வெளியிதழ் என்ற வேறுபாடு கண்ணில் படவில்லையென்றால் அது ஸ்நோடிராப் அன்று என்று அங்கேயே முடிவுகட்டிவிடலாம். ஒரே தண்டில் பல பூக்கள் தொங்கினால், அது பின்னர் பூக்கும் லியூகோஜம் ஈஸ்டைவம் ஆகும்.

கோவை வடவள்ளியிலிருந்து:

பெருந்துறை ஐயா இலையைப் பற்றி எழுதியது நம்மூரிலும் பயன்பட்டது என்பதால் இதைச் சேர்க்கிறேன். இணையத்தில் ஸ்நோடிராப் கிழங்குகள் என்று விற்றதை என் தங்கை வாங்கித் தொட்டியில் நட்டாள். குளிர்காலத்தில் நன்றாகக் குளிர வேண்டிய கிழங்கு கோவை வெயிலில் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி எனக்கு முதலிலேயே இருந்தது. முளைவிட்டபோது ஐயம் உறுதியாயிற்று. ஸ்நோடிராப் கிழங்கிலிருந்து பெரும்பாலும் இரண்டு தட்டை இலைகளே வரும். இதிலோ உருண்டு மெலிந்த, கோரைபோன்ற இலைகள் கொத்தாக எழுந்தன. பூப்பதற்கு முன்பே இது ஜெஃபிரான்தஸ் கேண்டிடா, நாம் மழை லில்லி என்று வளர்க்கும் தென்னமெரிக்கச் செடி என்று சொல்லிவிட்டேன். ஐப்பசி மழைக்குப் பிறகு மொட்டு விரிந்து, பூ தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து நின்றது. ஆறு இதழ்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தன, பச்சைக் குறி இல்லை. இரண்டு செடிகளும் அமரில்லிடேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான், எனினும் ஒன்றை மற்றொன்றாக விற்பதற்கு அது நியாயமாகாது. படத்தோடு விற்பனையாளருக்கு எழுதினோம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள்; விற்பனைப் பக்கத்தில் பெயரை மட்டும் இன்னும் திருத்தவில்லை.