நம்ம வீட்டுப் படாகானா

குழு: கடலோரக் குடும்பம் ⚓

3 டிசம்பர் 2025

[இரவு 9:14] ஜெனிஷ்: திருவனந்தபுரம் சங்குமுகத்துல நேவி ஷோ பாத்துட்டு இப்பதான் வெளிய வாறேன். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். ஜனாதிபதி வந்ததுனால ரோடெல்லாம் அடச்சுப் போட்டிருக்கு. தம்பானூர் வரைக்கும் நடைதான் போல

[இரவு 9:15] பெரியம்மா: சாப்பிட்டியா மக்களே

[இரவு 9:15] ஜெனிஷ்: இல்ல பெரியம்மா. காலு ரெண்டும் போச்சு

[இரவு 9:17] ஜெனிஷ்: 6 படங்கள்

[இரவு 9:21] பட்டாளம் மாமா: எல்லாத்துலயும் மண்டதான் தெரியுது. கப்பல் எங்கலே?

[இரவு 9:22] ஜெனிஷ்: முன்னால நின்னவரு பிள்ளைய தூக்கித் தோள்ல வச்சிட்டாரு மாமா. நான் பாத்ததுல பாதி அந்தப் பிள்ளைக்க செருப்பு. ஆனா ஹெலிகாப்டர்ல இருந்து கயித்துல எறங்குனானுவ பாருங்க, அது ஒண்ணுக்கே பஸ் கூலி தகும்

[இரவு 9:30] பெரியப்பா: போன வருஷம் பூரி. அதுக்கு முந்தி சிந்துதுர்க். இந்த வருஷம்தான் நம்ம வாசலுக்கு வந்திருக்கு. நாளைக்குத்தான் நேவி டே. எல்லாரும் இப்பமே வாழ்த்து போட்டு தீத்துராதீங்க

[இரவு 9:33] ஜெனிஷ்: ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல வச்சு கொண்டாடுறோம் பெரியப்பா. கேக்கு, வெடி, ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு

[இரவு 9:34] பெரியம்மா: மொதல்ல வீடு வந்து சேரு

4 டிசம்பர் 2025

[காலை 5:05] பெரியப்பா: ஷம் நோ வருணஹ, கடல் தெய்வம் நமக்கு நல்லது செய்யட்டும். எல்லாருக்கும் நேவி டே வாழ்த்துகள். சர்வீஸ்ல இருக்க நம்ம பிள்ளைகளுக்கும், எறங்கி வந்த கிழடுகளுக்கும்

[காலை 5:09] பெரியம்மா: அலமாரியில கெடந்த பழைய நேவி விசில் பைப்ப எடுத்து ஊதி ஊர எழுப்பியாச்சு. பக்கத்து வீட்டு நாய் இன்னும் நிறுத்தல்ல

[காலை 5:11] பெரியப்பா: அது கால் த ஹேண்ட்ஸ் ஆக்கும். கப்பல்ல இதக் கேட்டுத்தான் எழும்பணும்

[காலை 5:40] கொச்சி சித்தப்பா: எனக்கும் வாழ்த்து சொல்லுங்க. 2022 செப்டம்பர் 2 கமிஷன் பண்ணுன விக்ராந்து கப்பல்ல நான் வச்ச வெல்டிங் இருக்கு. யூனிஃபார்ம் இல்லன்னா ஆள் இல்லன்னு ஆயிருமா?

[காலை 5:52] பட்டாளம் மாமா: மச்சானுக்கும் ஒரு மெடல் குடுங்கப்பா. அந்த வெல்டிங் நல்லா இருக்கான்னு கடல்ல போறவன்தான் சொல்லணும்

[காலை 6:20] ஜெனிஷ்: படம்
"கராச்சியை எரிய வைத்த எங்கள் சிங்கம்!"

[காலை 6:22] லீமா சித்தி: சூப்பர் மக்களே. அத்தான் சின்ன வயசுல என்ன ஒரு கம்பீரம்

[காலை 6:31] பெரியப்பா: ஜெனிஷ், இத எடு

[காலை 6:32] ஜெனிஷ்: ஏன் பெரியப்பா, பின்னால தீ ஜாஸ்தி ஆயிட்டா?

[காலை 6:34] பெரியப்பா: நான் கராச்சிய கண்டதே இல்ல. போனவன் எவனாவது இதப் பாத்தா காறித் துப்புவான்

[காலை 6:36] லீமா சித்தி: என்ன அத்தான் இப்படி சொல்லுதிய? நான் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து நீங்கதான் குண்டு போட்டதுன்னுல்லா கேள்வி

[காலை 6:37] பெரியம்மா: அது எங்க மாமியார் கோயில் முற்றத்துல வச்சு பரப்பினது. நானும் அதக் கேட்டுத்தான் கட்டினேன்

[காலை 6:49] பெரியப்பா: கராச்சிக்குப் போனது மூணு ஏவுகணைப் படகு. நிபத், நிர்காட், வீர். ரஷ்யாவுல இருந்து வந்த சின்னப் படகு, தூரம் ஓட எண்ணெய் காணாது. அதனால கில்டன், கச்சல்னு ரெண்டு கப்பல் கூட்டிட்டுப் போச்சு. எண்ணெய் குடுக்க போஷக்னு ஒரு டேங்கர். கமாண்டர் பப்ருபான் யாதவ் கூட்டிட்டுப் போனாரு. அவனுவளுக்க கைபர்னு ஒரு டிஸ்ட்ராயரும், முஹாஃபிஸ்னு கண்ணிவெடி எடுக்குற கப்பலும் முங்கிச்சு. நம்ம பக்கம் ஒரு ஆளுக்கும் சேதம் இல்ல. 1971 டிசம்பர் 4 ராத்திரி. அதுக்குத்தான் இந்த நாள்

[காலை 6:50] ஜெனிஷ்: அப்ப நீங்க எங்க இருந்திய?

[காலை 6:58] பெரியப்பா: விசாகப்பட்டினம். பாய்ஸ் ட்ரெயினிங். சில்கா ட்ரெயினிங் சென்டர் எல்லாம் பிறகு 1980ல வந்தது. மீச மொளைக்காத பயலுவ நாங்க. 3ஆம் தேதி ராத்திரி ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுன்னு ஆடிச்சு. பாம் போட்டுட்டான்னு கட்டிலுக்கு அடியில போனவன் உண்டு. பேரு சொல்ல மாட்டேன்

[காலை 6:59] பட்டாளம் மாமா: அத்தான்தானே அது

[காலை 7:00] பெரியப்பா: எனக்கு மேல் பங்க் கட்டில்

[காலை 7:01] பட்டாளம் மாமா: இது பதில் இல்ல

[காலை 7:12] பெரியப்பா: அது பாகிஸ்தானுக்க காஸி நீர்மூழ்கி. பழைய விக்ராந்தைத் தேடி வந்தது. துறைமுக வாசலுக்கு வெளிய முங்கிச்சு. நம்ம ராஜ்புத் கப்பல் தண்ணிக்கு அடியில வெடிக்கப் போட்ட டெப்த் சார்ஜா, அதுவே போட வந்த கண்ணிவெடியான்னு ரெண்டு கதையும் இன்னைக்கும் ஓடுது. உள்ள இருந்தது 93 பேர், ஒருத்தனும் மிஞ்சல்ல. எண்ணெய் மிதக்குது, சாமான் மிதக்குதுன்னு வந்து சொன்னது யாருன்னு தெரியுமா? மீன் புடிக்கப் போனவங்க. பிறகுதான் நேவி டைவர் எறங்குனது. நேவி டேன்னா எல்லாரும் ஏவுகணைப் படம் போடுறிய. அந்த வலைக்காரன் படத்த எவனும் போடல்ல

[காலை 7:14] ஜெனிஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[காலை 7:14] ஜெனிஷ்: போஸ்டர எடுத்துட்டேன் பெரியப்பா

[காலை 7:26] சின்னத்துறை அத்தை: அண்ணனுக்கு வாழ்த்து. ஷைனிக்கும் ஆன்டோவுக்கும் வாழ்த்து. ஞாயிறு நான் வாறேன். ஆனா வெடி வேண்டாம் ஜெனிஷ்

[காலை 7:27] சின்னத்துறை அத்தை: 30ஆம் தேதிதான் ஒக்கி புயல்ல போனவங்களுக்க பூசைக்கு மெழுகுதிரி வச்சிட்டு வந்தோம்

[காலை 7:31] ஜெனிஷ்: சரி அத்தை. நான் அத நினைக்கல்ல. வெடி கிடையாது, ஸ்பீக்கரும் வேண்டாம்

[காலை 7:38] சின்னத்துறை அத்தை: பாட்டு போடு மக்களே, அதுல என்ன. நேவின்னா எனக்குக் கோவம்னு நினைச்சிராதீங்க. 2017ல தேடிப் போங்க, இன்னும் தூரம் போங்கன்னு எத்தன பேரு கால்ல விழுந்தோம். கடைசியில குழித்துறையில தண்டவாளத்துல போய் உக்காந்தோம். நம்ம ஊரு போட்டுக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் டீசல் போட்டு அவங்களே தேடப் போனாங்க. இப்பவும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா அடுப்புல என்ன இருந்தாலும் விட்டுட்டு வாசலுக்கு வந்து நிப்பேன். ஆன்டோ திட்டுவான்

[காலை 7:55] ஆன்டோ: திட்டல்லம்மா. பால் பொங்கி கேஸ் அடுப்பு கெட்டுப்போச்சுன்னுதான் சொன்னேன்

[காலை 7:56] ஆன்டோ: மாமாவுக்கு வாழ்த்துகள். ஆனா எங்களுக்கு பிப்ரவரி 1தான் கணக்கு. 1977ல ஆரம்பிச்சது. வாற பிப்ரவரி 50ஆவது கோஸ்ட் கார்டு தினம்

[காலை 7:58] பெரியப்பா: எங்ககிட்ட இருந்து வாங்கின ரெண்டு பழைய கப்பலும், கஸ்டம்ஸ்காரன் குடுத்த அஞ்சு படகும் வச்சு ஆரம்பிச்ச கடைதானே உங்களுது

[காலை 7:59] ஆன்டோ: இப்ப கடை பெருசாயிட்டு மாமா

[காலை 8:03] ஆன்டோ: அம்மா, சின்ன மாமா போட்டுல டாட் பெட்டி இருக்குல்லா, அது வேலை செய்யுதான்னு பாக்கச் சொல்லு. ஆபத்துன்னா பட்டன அமுக்குனா போதும், சாட்டிலைட் வழியா போட்டு நிக்குற இடத்தோட எங்க மீட்பு மையத்துக்கு வந்துரும். நான் லீவுக்கு வந்தப்ப ஒரு போட்டுல ஏறிப் பாத்தேன், அந்தப் பெட்டி மேல ஈர லுங்கிய காயப் போட்டு, பக்கத்துல முகம் பாக்குற கண்ணாடியும் மாட்டி வச்சிருக்கானுவ. கரையில இருக்கவங்க யாராவது வரல்லன்னு பதறுனா 1554க்கு அடிக்கணும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாங்க

[காலை 8:05] சின்னத்துறை அத்தை: அந்த நம்பர அடுப்பு பக்கத்துல செவுத்துல கரியால எழுதி வச்சிருக்கேன்

[காலை 8:21] பட்டாளம் மாமா: எல்லாரும் கடல் கடல்னு பேசுறிய. 1741ல டச்சுக்காரன் கப்பல்லதான் வந்தான். குளச்சல்ல வச்சு அவனப் புடிச்சது தரைப்படையாக்கும். அவனுவ தளபதி டிலனாய் கல்லறை உதயகிரிக் கோட்டையில இருக்கு, போய்ப் பாருங்க. 9ஆவது மெட்ராஸ் பட்டாலியன்ல ஜூலை 31 இன்னைக்கும் குளச்சல் தினம்

[காலை 8:23] பெரியப்பா: அவன் கப்பல்ல வந்ததுனாலதான் உங்களுக்கு ஒரு தினம் கிட்டிச்சு

[காலை 8:26] சின்னத்துறை அத்தை: தண்டு வலிக்குற துடுப்ப துப்பாக்கி மாதிரி தோள்ல சாத்தி வச்சு கரையில வரிசையா நின்னது நம்ம ஆளுங்கன்னு அம்மச்சி சொல்லும். டச்சுக்காரன் பயந்தது அதுக்குத்தானாம்

[காலை 8:27] பட்டாளம் மாமா: அதுக்கு ரெக்கார்டு இல்ல மைனி

[காலை 8:27] சின்னத்துறை அத்தை: அம்மச்சிகிட்ட கேளு

[மதியம் 1:10] லீமா சித்தி: ஷைனி காலையில இருந்து ஆன்லைன்ல இல்ல. நேவி டேயும் அதுவுமா ஒரு வார்த்த பேசல்ல

[மதியம் 1:14] பெரியப்பா: கப்பல் வெளிய போயிருக்கும். நான் கடைசியா விஜயநாராயணம் கட்டபொம்மன் நேவி ஸ்டேஷன்ல இருந்தேன்லா, அங்க இருந்து கடலுக்கு அடியில கெடக்குற நீர்மூழ்கிக்கே செய்தி போவும். உனக்க மவளுக்கு வாட்ஸ்அப்தான் போவாது

[மாலை 6:47] ஷைனி: எல்லாருக்கும் நேவி டே வாழ்த்துகள்!! இப்பதான் போன் கையில கிட்டிச்சு

[மாலை 6:47] லீமா சித்தி: எங்கடி இருக்க? எந்த ஊரு?

[மாலை 6:48] ஷைனி: அம்மா, அத கேக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு

[மாலை 6:49] பெரியப்பா: லீமா, கப்பல் நிக்குற இடம், போற நாளு, ஒண்ணும் குழுவுல கேக்காத. பிள்ள படம் அனுப்புனாலும் ஸ்டேட்டஸ்ல போடாத. பின்னால என்ன தெரியுதுன்னு உனக்குத் தெரியாது

[மாலை 6:51] லீமா சித்தி: சோறு தின்னியான்னாவது கேக்கலாமா அத்தான்

[மாலை 6:52] ஷைனி: தின்னேன்மா. இன்னைக்கு படாகானா, எல்லாரும் சேந்து தின்னுற பெரிய விருந்து. சிக்கன், புலாவு, ஐஸ்கிரீம். ஆபீசருங்களே வந்து விளம்புனாங்க. எங்க சீனியர் ஆபீசர் எனக்கு ரெண்டு தடவ சிக்கன் வச்சாரு

[மாலை 6:55] லீமா சித்தி: அடுத்த வருஷத்தோட நாலு வருஷம் முடியுதே, அத நினைச்சாத்தான் எனக்கு உறக்கம் வரல்ல. நாலுல ஒருத்தரத்தான் நிறுத்துவாங்களாம்

[மாலை 6:58] ஷைனி: முதல் அக்னிவீர் பேட்ச்ல சில்காவுல ராத்திரி லைட் வெளிச்சத்துல பரேடு முடிச்சு வந்தவ நான். நிறுத்துனா இருக்கேன். இல்லன்னா சேவா நிதிப் பணம் வரும், வேற பரீட்சை எழுதுவேன். இன்னைக்கு ஒரு நாள் அத விடும்மா

[மாலை 6:59] கொச்சி சித்தப்பா: அதாக்கும் என் மவ

[மாலை 7:20] பெரியப்பா: ஞாயிறு 7ஆம் தேதி இங்க வச்சே படாகானா. கேக்கு வெட்டலாம். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுறேன். எல்லாரும் 4ஆம் தேதியோட முடிச்சிருவாங்க. 9ஆம் தேதி ராத்திரி தியூவுக்கு அப்பால நம்ம குக்ரி கப்பல் முங்கிப் போச்சு. 18 ஆபீசர், 176 சைலர். கேப்டன் முல்லா கப்பல விட்டு எறங்கல்ல. எங்களுக்கு வாலிபால் சொல்லிக் குடுத்த சீனியர் ஒருத்தரும் அதுல. சாப்பிடுறதுக்கு முன்ன குக்ரிக்கு ஒரு நிமிஷம், ஒக்கியில போன நம்ம அளியனுக்கு ஒரு நிமிஷம் நிப்போம்

[மாலை 7:24] சின்னத்துறை அத்தை: ரெண்டுக்கும் சேத்து ஒண்ணா நின்னா போதும் அண்ணன்

[மாலை 7:25] பெரியப்பா: சரி

[மாலை 7:31] பட்டாளம் மாமா: கேன்டீன் கோட்டா என்கிட்ட மிச்சம் இருக்கு. நேவி டேக்கு ரம் தரைப்படைக்க செலவு

[மாலை 7:32] பெரியம்மா: அத வீட்டுக்குள்ள கொண்டு வந்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது

[மாலை 7:33] பட்டாளம் மாமா: அக்கா, மூத்தவரு லைஃப் சர்டிபிகேட் நவம்பர்ல குடுத்தாரான்னு கேட்டுச் சொல்லு. குடுக்கல்லன்னா பென்ஷன் நின்னுரும், ரம்ம விடு

[மாலை 7:34] பெரியப்பா: குடுத்தாச்சு. விரல் ரேக விழல்ல, கண்ண வச்சு எடுத்தாங்க

[மாலை 7:40] பெரியம்மா: கணக்கு சொல்லுங்க. எத்தன பேரு? மரச்சீனி நம்ம விளையில இருக்கு. மீன் வாங்கணும். நெய்மீன் கிட்டல்லன்னா சூரை போதும். ஞாயிறு யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க, சனிக்கிழமையே குளச்சல் ஏலத்துல எடுக்கணும்

[மாலை 7:42] ஷைனி: பெரியம்மா, படாகானான்னா மேல இருக்கவங்கதான் விளம்பணும். அப்ப பொம்பளைங்க எல்லாரும் உக்காருங்க

[மாலை 7:43] பெரியம்மா: விளம்புனா காணாது. சமைக்கவும் செய்யட்டும். அரைக்கவும் செய்யட்டும்

[மாலை 7:44] கொச்சி சித்தப்பா: எனக்கு ஞாயிறு ஓவர்டைம் இருக்கு

[மாலை 7:44] லீமா சித்தி: பொய். லீவு போட்டாச்சு

[மாலை 7:46] ஜெனிஷ்: சனிக்கிழமை ஏலத்துக்கு நான் போறேன். ஆனா எனக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது

[மாலை 7:49] சின்னத்துறை அத்தை: நானும் வாறேன் மக்களே, காலைல முதல் பஸ்ஸுக்கு. நான் வந்து சேருறதுக்குள்ள எதையும் எடுத்துராத. செவுளத் தூக்கிப் பாக்காம சூரைய எடுத்தா ஊரே சிரிக்கும்

[மாலை 7:50] பெரியம்மா: சூரை எடுத்தா தலைய வெட்டி குடுக்கச் சொல்லாதீங்க, முழுசா கொண்டு வாங்க. கொடம்புளி என்கிட்ட தீந்துபோச்சு, லீமா எடுத்துட்டு வா