முன்பல் கேப்பில் ஒன்று மட்டும் சாம்பலாகத் தெரிகிறது, ஒட்டலாமா?

கோத்தகிரி டென்டல்:
மேல் முன்பற்கள் இரண்டுக்கும் கேப். வாய்க்குள் ஸ்கேன் எடுத்துக் கோவை லேபுக்கு அனுப்பினேன், லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி செராமிக்கில் மெஷினில் செதுக்கி வந்துவிட்டது. மார்ஜின் (கேப் பல்லோடு சேரும் ஓரம்) அருமை, எக்ஸ்ப்ளோரர் ஊசி எங்கேயும் தட்டவில்லை. நிறம்தான் பிரச்சினை. இடது பல் பைக்கிலிருந்து விழுந்து அடிபட்டு வேர் சிகிச்சை செய்தது, வேருக்குள் போஸ்ட் என்ற தண்டு வைக்கவில்லை, உள்ளே கறுத்திருக்கிறது. தண்ணீர் தொட்டுப் போட்டுப் பார்த்தால் ஈறு ஓரம் சாம்பல் அடிக்கிறது, வலதில் ஒன்றுமில்லை. பேஷன்ட் கட்டபெட்டு பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் கிராமம்) பஸ் பிடித்து வரும் டீச்சர், மறுபடி அலைய வைக்க மனசு வரவில்லை. வெள்ளை ஒபேக் சிமென்ட் போட்டால் மறையுமா?

கோவை லேப் டெக்னீஷியன்:
ஒட்டாதீங்க டாக்டர். பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய வெனீர் என்றால் சிமென்ட் நிறம் கொஞ்சம் கைகொடுக்கும், கேப் தடிமனில் அவ்வளவு கருமையை அது மறைக்காது. ஒட்டின பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு வரும் பாதி ஆர்டரில் மேல் ஷேட் (கேப்பின் நிறம்) மட்டும்தான் இருக்கும், செதுக்கின அடிப்பல்லின் ஷேடை யாரும் எழுதுவதில்லை. அந்தப் பல் பக்கத்தில் ஷேட் டேப் என்ற நிற மாதிரியைப் பிடித்து ஒரு போட்டோ அனுப்புங்கள், அதைப் பார்த்து ஒளி ஊடுருவாத செராமிக் பிளாக் எடுக்கலாம், ரொம்பக் கருமை என்றால் சிர்கோனியா கோப்பிங் (கெட்டியான வெள்ளை செராமிக் உள்கூடு) மேல் போர்சலின் ஏற்றலாம். இரண்டு பல்லையும் ஒரே மாதிரி செய்துவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சம் பட்டதும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

குன்னூர் சீனியர்:
தம்பி, போஸ்ட் இல்லை என்றால் முதலில் உள்ளிருந்து ப்ளீச் செய்து பாருங்கள், சோடியம் பெர்போரேட் வைத்து மேலே நன்றாக அடைத்துவிட்டு, டெம்பரரி கேப்போடு அனுப்பலாம். நிறம் வெளுத்தால் இப்போது வந்திருக்கும் கேப்பே போதுமானதாகிவிடலாம். ஆனால் ப்ளீச் முடிந்த கையோடு ஒட்டாதீர்கள், பல்லில் மிஞ்சும் ஆக்சிஜன் ரெசின் சிமென்டின் பிடிப்பைக் கெடுக்கும், 2 வாரம் விடுங்கள். ஷேட் பார்ப்பதைப் பல் காய்வதற்கு முன்னால், டீச்சர் வந்து உட்கார்ந்ததுமே பார்த்துவிடுங்கள், காய்ந்த பல் வெள்ளையாகக் காட்டும். அப்புறம் தண்ணீரை நம்ப வேண்டாம், சிமென்ட் நிறத்திலேயே, ஒட்டாமல் நிறம் மட்டும் பார்க்க டிரை-இன் பேஸ்ட் வருகிறதே, அதைப் போட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி டென்டல்:
நன்றி மேடம், ப்ளீச் செய்துவிடுகிறேன். ஒட்டும்போது கேப்பின் உள்பக்கம் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் 5 சதவீதம் 20 விநாடி, பிறகு சிமென்ட் பிடிக்க சைலேன், சரிதானே?

குன்னூர் சீனியர்:
சரி. கேப்பை வாயில் வைத்துப் பார்த்துக் கழுவி முடித்த பிறகுதான் ஆசிட், வாய்க்கு வெளியேதான், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. சிர்கோனியாவுக்கு மாறினால் இந்த ஆசிட் பிடிக்காது, அலுமினாத் தூளை அடித்துச் சொரசொரப்பாக்கி, எம்டிபி என்ற ஒட்டுப்பொருள் உள்ள பிரைமர்தான். சிமென்ட் சிரிஞ்சை ஃப்ரிட்ஜிலிருந்து முந்தியே எடுத்து வெளியே வையுங்கள், நம்ம ஊர் காலைக் குளிரில் அது கெட்டியாகி கேப் முழுசாக இறங்காமல் நின்றுவிடும். முன்பல்லில் சில டூயல்-க்யூர் சிமென்ட் (வெளிச்சத்திலும் தானாகவும் இறுகுவது) வருடங்கள் போகப் போக மஞ்சளாகிறது, நிறம் மாறாத வகையாகப் பார்த்து எடுங்கள்.

கோவை லேப் டெக்னீஷியன்:
ப்ளீச் முடிந்து நிறம் நின்றதும் அடிப்பல் போட்டோ ஒன்று அனுப்பிவிடுங்க டாக்டர், இந்த கேப் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். ஸ்கேன் ஃபைலை அழித்துவிடாதீங்க.