போனில் விளம்பரத் தடுப்பு ஆப் இருந்தால் ரூட்டரிலும் தடுப்பு வேண்டுமா?

சாட்ஸ்வொர்த்_வீடு:
வணக்கம். டர்பனில் ஃபைபர் இணைப்பு. வீட்டில் இரண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு டேப்லெட், ஸ்மார்ட் டிவி, வாசலில் வைஃபை கேமரா. போன்களில் விளம்பரத் தடுப்பு ஆப் போட்டிருக்கிறோம். அது ஓடும்போது அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) வேலை செய்வதில்லை. டிவிக்கும் கேமராவுக்கும் ஆப் போட வழியே இல்லை. ரூட்டரிலேயே தடுத்துவிட்டு ஆப்பை எடுத்துவிடலாமா? அதற்காக ராஸ்பெர்ரி பை (கையடக்கச் சிறு கணினி) வாங்கி அதில் தடுப்பை ஓட்டினால், அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் தாங்குமா?

லெனேசியா_நெட்:
முதலில் விபிஎன் விஷயம். இந்த வகை ஆப்கள் பெரும்பாலும் போனுக்குள்ளேயே ஒரு போலி விபிஎன் திறந்துதான் விளம்பரத்தை வடிகட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். அதனால்தான் அலுவலக விபிஎன் வந்ததும் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது.

ஆப்பை எடுத்துவிட்டு, ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள "பிரைவேட் டிஎன்எஸ்" வசதியைப் பயன்படுத்துங்கள். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை. நெட்வொர்க் செட்டிங்கில் அதைத் திறந்து, விளம்பரம் தடுக்கும் ஒரு டிஎன்எஸ் சேவையின் பெயரைப் போட்டால் போதும். விபிஎன் இடம் காலியாகவே இருக்கும், வெளியே மொபைல் டேட்டாவிலும் தடுப்பு தொடரும். ரூட்டரால் இது முடியாது. வீட்டு வைஃபையை விட்டுப் போன் வெளியேறியதும் அதன் காவல் முடிந்தது. அலுவலக உள்தளம் ஏதாவது திறக்காவிட்டால் வேலை நேரத்தில் மட்டும் பிரைவேட் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஎன்எஸ் தடுப்பு எங்கே நடந்தாலும் தளத்தின் பெயரை மட்டுமே பார்க்கும். யூடியூப் விளம்பரமும் வீடியோவும் ஒரே சர்வர்களிலிருந்து வருவதால், பெயரை வைத்து அவற்றைப் பிரிக்க இயலாது. பக்கத்துக்குள் இருப்பதை நீக்க பிரவுசர்தான் இடம்: ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் போடுங்கள்.

வலைக்காவல்:
மேலே சொன்னது சரி. ஆனால் விளம்பரத் தடுப்பையும் பாதுகாப்பையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் என் கவலை போன் அல்ல, அந்த வாசல் கேமரா. 2016இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். எந்த விளம்பரத் தடுப்பு ஆப்பும் அதைத் தடுத்திருக்காது.

பை வாங்குவதற்கு முன் ரூட்டரில் இவற்றை முடியுங்கள். நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஃபர்ம்வேரை (ரூட்டரின் உள் மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள். தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட மாடல் என்றால் ரூட்டரையே மாற்றுவது நல்லது. வெளியிலிருந்து நிர்வாகம் செய்யும் வசதி, டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி), யூபிஎன்பி (சாதனங்களே ரூட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) மூன்றையும் அணையுங்கள். யூபிஎன்பி திறந்திருந்தால் கேமரா தானாகவே வெளியுலகுக்கு ஒரு போர்ட்டை (நுழைவாயிலை) திறந்துவிடும். பிறகு கெஸ்ட் வைஃபை ஒன்றை உருவாக்கி, டிவியையும் கேமராவையும் அதில் போடுங்கள். அவற்றில் ஏதாவது கெட்டாலும் உங்கள் போனையும் கணினியையும் தொட முடியாது. போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது மட்டும் அப்போது நிற்கலாம்.

அதன் பிறகு டிஎன்எஸ். ரூட்டரில் குவாட்9 சேவையின் 9.9.9.9, 149.112.112.112 போட்டால் தீய தளங்கள் தடைபடும், விளம்பரம் தடைபடாது. ஆட்கார்டு சேவையின் 94.140.14.14, 94.140.15.15 போட்டால் விளம்பரம் தடைபடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு கட்டத்திலும் அதே சேவையின் எண்களையே போடுங்கள். இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அது "முதலாவது விழுந்தால் மட்டும்" என்று காத்திருக்காது. பல சாதனங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், விளம்பரம் ஒழுகும்.

மாரிட்ஸ்பர்க்_பை:
கரண்ட் பற்றி. பை ஓடும், ஆனால் திடீரென்று அணைந்தால் எஸ்டி கார்டு கெடலாம். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போவதுதான் காரணம். பதிவுகளை ரேமுக்கு மாற்றி, எழுதும் இடைவெளியைக் கூட்டுங்கள். ஃபைபர் பெட்டி, ரூட்டர், பை மூன்றும் சிறிய யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஒன்று விடுபட்டாலும் பயனில்லை. ஒவ்வொன்றின் அடாப்டரிலும் அச்சிட்ட வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். ரூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், பை 5 வோல்ட்.

இன்னொன்றைப் பலர் தேடித் தேடி அலைகிறார்கள். கரண்ட் வந்த பின் பை ஓடுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. பை 4 வரை உள்ள மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. நேரம் பின்தங்கி நிற்கும். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு (டிஎன்எஸ் பதிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சோதிப்பது) போட்டிருந்தால், கையெழுத்தின் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கருதிப் பதிலை நிராகரிக்கும். நேரத்தைத் திருத்த டைம் சர்வரின் பெயர் தெரிய வேண்டும், பெயர் தெரிய டிஎன்எஸ் வேண்டும். இப்படிச் சுற்றிக்கொண்டே நிற்கும். டைம் சர்வரைப் பெயரால் கொடுக்காமல் ஐபி எண்ணால் கொடுத்தால் முடிச்சு அவிழும். பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரி தனியாகப் பொருத்த வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_வீடு:
நன்றி. பை இப்போதைக்கு வேண்டாம். ரூட்டரில் 94.140.14.14 போட்டாயிற்று. டிவியில் குறைந்திருக்கிறது, டேப்லெட்டில் மட்டும் அப்படியே வருகிறது.

வலைக்காவல்:
டேப்லெட்டில் வைஃபையை அணைத்து மறுபடி இணையுங்கள். பழைய டிஎன்எஸ் எண்ணையே பிடித்திருக்கலாம். அப்படியும் வந்தால் குரோமில் "செக்யூர் டிஎன்எஸ்" பகுதியைப் பாருங்கள். அங்கே ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கேள்விகள் சாதாரண இணையப் பக்கங்கள் போகும் 443 என்ற போர்ட் வழியே போகும், ரூட்டரின் எண்ணைக் கேட்காது. மூன்றாவது இடம் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி; பழையது ஐபிவி4). ரூட்டர் ஐபிவி4க்கு உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஐபிவி6க்கு இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸை அறிவித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கட்டத்திலும் அதே சேவையின் ஐபிவி6 எண்ணைப் போடுங்கள். ரூட்டரில் அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால் ஐபிவி6ஐ அணைத்துப் பாருங்கள்.