ராமநாதபுரத்துக்கு முதலில் வேண்டியது டைடல் கட்டடமா, வேலை ஆர்டரா?

பட்டினம்காத்தான் வாசி:
விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்காவை, அதாவது அரசு கட்டி ஐடி கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் கட்டடத்தைத் திறந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தஞ்சாவூரும் சேலமும், டிசம்பரில் தூத்துக்குடியும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 கோடி ரூபாய். பக்கத்துக் காரைக்குடிக்கும் அறிவித்தார்கள். 2018-ல் மத்திய அரசு போட்ட பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டுதான்: விருதுநகர், ராமநாதபுரம். அப்படியென்றால் நமக்குத்தானே முதலில் வந்திருக்க வேண்டும்?

கீழக்கரையில் 1984-லேயே பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோ வண்டி ஏறுகிறார்கள். ராமநாதபுரம் நகரை ஒட்டிய நம் பட்டினம்காத்தான் பக்கம் 50,000 சதுர அடியில் ஒரு பூங்கா கேட்டு மனு தயாரிக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் குமார்:
அண்ணே, மனுவுக்கு நான் எதிர்ப்பு. நான் மண்டபத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். நம் ஊருக்கு வராமல் இருப்பது கட்டடம் அல்ல, வியாபாரம். வாடகைக்கு இடம் தேடி ராமநாதபுரத்தில் அலையும் ஐடி கம்பெனி ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா? சோஹோ என்ற சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்குப் போனபோது அங்கே எந்த டைடலும் இல்லை. அவர்கள் கையில் விற்கிற சாஃப்ட்வேர் இருந்தது, அதை வாங்க உலகம் முழுக்க ஆள் இருந்தார்கள். அதனால் கிராமத்துக்குப் போக முடிந்தது.

30 கோடியைக் கான்கிரீட்டில் போட்டுவிட்டு, பாதி மாடி காலியாகக் கிடந்தால் அடுத்த இருபது வருஷத்துக்கு 'அங்கே கொடுத்தோம், ஓடவில்லை' என்று நம் மாவட்டத்தையே ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

பட்டினம்காத்தான் வாசி:
தம்பி, சோஹோவை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அது 1996-ல் தொடங்கிய கம்பெனி. தென்காசிக்குப் போகும்போது 15 வருஷ வளர்ச்சி பின்னால் இருந்தது. நேற்றுக் கல்லூரி முடித்த மூன்று பேர் சேர்ந்து தொடங்கும் கம்பெனிக்கு அந்தக் கதை பொருந்துமா? அவர்களுக்குத் தடையில்லாத மின்சாரமும் ஜெனரேட்டரும், ஒன்று அறுந்தால் மற்றொன்று ஓடும்படி இரண்டு இணைய இணைப்பும் யார் கொடுப்பது? ஆந்திராவைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் டிசிஎஸ் என்ற பெரிய ஐடி கம்பெனிக்கு 21 ஏக்கர் நிலத்தை 99 காசுக்குக் கொடுத்தார்கள். மாநிலங்கள் இப்படி முட்டி மோதும்போது நாம் மனு எழுதக்கூட யோசிப்பதா?

தொண்டி பழைய புரோகிராமர்:
இருவருக்கும் ஒரு பழைய கதை. நான் தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தவன். அதற்குமுன் ஒரு கம்ப்யூட்டரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர லைசென்ஸும் பெரிய சுங்க வரியும் குறுக்கே நின்றன. அமெரிக்காவுக்கு நிரலை அனுப்ப நல்ல தொடர்பு கிடையாது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிப் கம்பெனி பெங்களூருக்கு வந்தபோது தனக்கென்று செயற்கைக்கோள் தொடர்பு வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தது. சின்னக் கம்பெனிக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?

1991-ல் மத்திய அரசு சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க்ஸ் ஆஃப் இந்தியா என்ற அமைப்பை ஏற்படுத்தியது. அது செய்தவை மூன்று. ஏற்றுமதிக்கு வேலை செய்பவர் சுங்க வரி இல்லாமல் இயந்திரம் கொண்டுவரலாம். செயற்கைக்கோள் நிலையத்தை அமைப்பே வைத்து, 64 கிலோபிட் இணைப்பைச் சின்னக் கம்பெனிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தது. அனுமதி எல்லாம் ஒரே மேசையில். நாங்கள் அரசுக் கட்டடத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஜெயநகரில் ஒரு வாடகை மாடியைப் பதிவு செய்துகொண்டோம், அதுவே ஏற்றுமதி நிலையமாகச் செல்லுபடியானது. கூடவே ஏற்றுமதி லாபத்துக்கு வருமான வரி விலக்கு.

ஆக, குமார் தம்பி, அரசு கை கொடுக்காமல் இந்தத் தொழில் வளரவில்லை. பட்டினம்காத்தான்காரரே, அந்த உதவி கட்டடமாகவும் வரவில்லை. எங்களால் தனியாக வாங்க முடியாத ஒன்றை, அதாவது வெளியுலகத் தொடர்பை, அரசு மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தது. இன்று நம் கடற்கரையில் சின்னக் கம்பெனியால் தனியாக வாங்க முடியாதது எது? அதைச் சொல்லுங்கள், பிறகு மனு எழுதலாம்.

இன்னொன்று. அந்த வரி விலக்கு 2011 மார்ச்சோடு முடிந்தது. பெரிய கம்பெனிகள், ஏற்றுமதிக்கென்று வரிச் சலுகையோடு அரசு ஒதுக்கிய சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வளாகம் கட்டிக்கொண்டு அங்கே புதிய விலக்கு பெற்றன. வாடகை மாடிக்காரர்கள் வெளியே நின்றார்கள். உதவியைக் கட்டடத்தோடு முடிச்சுப் போட்டால் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

உச்சிப்புளி கணக்குக்காரி:
வாங்க முடியாதது எது என்று கேட்டீர்கள் ஐயா, நான் சொல்கிறேன். கையில் காசு வரும் வரை தாக்குப்பிடிக்கும் காலம்.

வளைகுடாவில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். வேலை பார்ப்பவர்கள் எல்லாம் பெண்கள், பெரும்பாலும் பி.காம். துபாய்க் கடைக்காரர் மாதம் முடிந்தால் பணம் போட்டுவிடுவார். சொன்ன தேதி தவறியதில்லை. இங்கே ஒரு அரசு அலுவலகத்துக்குப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தோம். வேலை முடித்துக் கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது, பில் இருக்கிறது, பணம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் சம்பளம் கொடுக்க என் வளையலை அடகு வைத்தேன். 'நிதி ஒதுக்கீடு வரவில்லை அம்மா' என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில்.

2006-ஆம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி. இப்போது வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: அந்தக் கெடுவுக்குள் தராத வியாபாரி அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. தனியார் அதற்குப் பயந்து பணம் கொடுக்கிறார்கள். அரசு அலுவலகம் வருமான வரி கட்டுவதில்லையே, அதற்கு என்ன பயம்? பில் பணம் தாமதமானால் புகார் செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் போடலாம்தான். போட்டால் அடுத்த ஆர்டர் தருவார்களா என்று யோசித்து நான் போடவில்லை.

கட்டடம் வந்தாலும் வராவிட்டாலும், எங்கள் மாதிரி யூனிட்டுக்கு அரசு தரும் பில் பணம் 45 நாளில் வந்தால் இன்னும் பத்துப் பெண்களை எடுப்பேன்.

மண்டபம் குமார்:
அக்கா சொன்னதுதான் என் வாதம். ஆர்டரும் பணமும் முதலில், செங்கல் அப்புறம். புதுக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் இருந்தால் அரசுக் கொள்முதலில் முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று விதி இருக்கிறது. டெண்டர் எழுதுபவர் அதைச் சேர்க்க வேண்டுமே! 'மூன்று வருஷம், இத்தனை கோடி விற்றுமுதல்' என்ற வரியைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் தளத்தை மூடிவிடுகிறார்கள்.

கீழக்கரை ஜமால்:
குமார் மச்சான், கட்டடமே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் எம்சிஏ வரை படிக்கிறார்கள். சென்னையில் ஹாஸ்டலில் விட வாப்பாமார்கள் தயங்குகிறார்கள். ஒரு வீட்டு மாடி ஆபீஸுக்கும் அனுப்ப யோசிப்பார்கள். அரசு பெயர்ப்பலகை, வாசலில் காவலாள், கேமரா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உள்ள இடம் என்றால் அனுப்புவார்கள். என் தங்கை வீட்டில் உட்கார்ந்திருப்பது வேலை தெரியாததால் அல்ல.

பணமும் எங்கள் ஊரில் உண்டு. துபாய், கத்தார் காசெல்லாம் நிலத்திலும் வீட்டிலும் போய் உட்கார்கிறது. கம்பெனியில் போட யாரும் வருவதில்லை, ஏனென்றால் கண்ணெதிரே பிழைத்து வளர்ந்த ஒரு கம்பெனி இல்லை. பட்டினம்காத்தான் காக்கா, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பாம்பன் படகுக்காரன் மகன்:
எல்லோரும் வெளியூர் வேலையை இங்கே கொண்டுவருவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே இருக்கும் வேலைக்கு சாஃப்ட்வேர் செய்ய யாருக்கும் தோன்றவில்லையா?

எங்கள் படகு தொழிலுக்குப் போய் வந்தால் கணக்கு எப்படி நடக்கிறது தெரியுமா? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கமிஷன் கடைக்காரர் முன்பணமாகக் கொடுத்திருப்பார். இறாலும் நண்டும் கணவாயும் கரைக்கு வந்ததும் எடை போட்டு, அவர் சொல்லும் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதுவார். செலவைக் கழித்து மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. அந்தச் சீட்டு என் அப்பாவின் சட்டைப் பையில் உப்புத் தண்ணீரில் ஊறி எழுத்தே தெரியாமல் போய்விடும். வருஷக் கடைசியில் பாக்கி எவ்வளவு என்று கடைக்காரர் நோட்டு மட்டுமே சாட்சி. வங்கிக்குப் போனால் வருமானத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். எங்கே போவது?

இதற்கு ஒரு செயலி செய்ய எங்கள் தெருவிலேயே படித்த பையன்கள் இருக்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும், ஈரக் கையால் தட்டும்படி பெரிய பொத்தான் வேண்டும், தமிழில் இருக்க வேண்டும். மத்திய அரசு 364 கோடியில் ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர், அதாவது கடலிலிருந்து செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி பொருத்தும் திட்டம் போட்டது. அந்தக் கருவியைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் சொல்லிக் கொடுக்கவும் பாம்பனிலும் மூக்கையூரிலும் ஆள் வேண்டாமா? அந்த வேலையை உள்ளூர்க் கம்பெனிக்குக் கொடுங்கள் என்று மனுவில் எழுதுங்கள்.

பட்டினம்காத்தான் வாசி:
பாம்பன் தம்பி, யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் செயலிக்குக் காசு கொடுப்பது யார்? படகுக்காரர் மாதம் நூறு ரூபாய் கட்டுவாரா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் கட்டமாட்டார்.

பாம்பன் படகுக்காரன் மகன்:
கட்டமாட்டார் அண்ணே. கூட்டுறவுச் சங்கமும் வங்கியும் கட்டும். கணக்கு சுத்தமாக இருந்தால் கடன் கொடுக்க அவர்களுக்கும் வசதிதானே? முதல் இரண்டு வருஷம் அரசு வாங்கிக் கொடுத்தால் போதும்.

தொண்டி பழைய புரோகிராமர்:
இந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணக்கு வெளியே வருவதைக் கமிஷன் கடைக்காரர்கள் விரும்பமாட்டார்கள். டீசலுக்கு முன்பணம் அவர்கள் கையில் இருக்கும்வரை எந்தப் படகுக்காரரும் துணிந்து அந்தப் பொத்தானைத் தட்டமாட்டார். கடனுக்கு மாற்று வழி முதலில் வேண்டும்.

உச்சிப்புளி கணக்குக்காரி:
மத்திய அரசின் பிபிஓ (வேறு கம்பெனிகளின் அலுவலக வேலையைச் செய்து கொடுக்கும் நிறுவனம்) ஊக்கத் திட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு இருக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுத்தார்கள், சிறு நகரங்களுக்கென்று. அதில் கட்டடம் யாருடையது என்று பார்க்கவில்லை, எத்தனை பேருக்கு வேலை என்று பார்த்தார்கள். அண்ணே, உங்கள் மனுவில் அந்த மாதிரி உதவியையும் 45 நாள் பணத்தையும் சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கட்டடம் மட்டும் என்றால் போடமாட்டேன்.

பட்டினம்காத்தான் வாசி:
சேர்க்கிறேன் அம்மா. ஆனால் கட்டடம்தான் முதல் வரி. அதை மாற்றமாட்டேன்.

மண்டபம் குமார்:
அப்படியென்றால் என் கையெழுத்து இல்லை.

கீழக்கரை ஜமால்:
காக்கா, முதல் வரி எதுவானாலும் இதையும் எழுதிவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்தால் பட்டினம்காத்தானிலிருந்து கீழக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் பெண்கள் திரும்ப பஸ் வேண்டும். அது இல்லையென்றால் எங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளையும் வராது.